அண்ணன் தராத ரத்தம்

கம்பெனி மெடிக்கலில்தான் எல்லாம் ஆரம்பித்தது. கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆண்டுக்கு ஒருமுறை கண், சிறுநீர், ரத்தம் எல்லாம் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். அந்த ஆண்டு கிளினிக் மாறியது. புது டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நின்றபடி கேட்டுவிட்டுப் போகிற செய்தி இல்லை என்று அப்போதே தெரிந்தது.

என் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரியில்லை என்றார். முற்றாத அணுக்கள் நிறைய இருக்கிறதாம். உடம்பில் காய்ச்சலோ புண்ணோ இருந்தால் அப்படி வருமாம். எனக்கு இரண்டும் இல்லை. அப்படியானால் ரத்தப் புற்றாக இருக்கலாம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று எழுதிக் கொடுத்தார். கம்பெனியில் லோரிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

எனக்கு மனைவி தவறி ரொம்ப காலம் ஆகிறது. பிள்ளை இல்லை. அப்பா அம்மா இல்லை. கூடப் பிறந்தது அண்ணன் ஒருவர்தான். கிள்ளானில் ஒரு தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில், இருக்கிறார். வீடுகளுக்கு வயரிங் செய்கிற வேலை. அவர் வீட்டு மாடியறையில்தான் நான் அப்போதும் இருந்தேன், இப்போதும் இருக்கிறேன். அண்ணி, ஒரே மகள். மகளுக்கு அந்தச் சமயம் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு இடம் ஏறக்குறைய முடிகிற நிலையில் இருந்தது.

அண்ணி என் மேல் பாசம் உள்ளவர். செய்தி கேட்டதும் அழுதார். அழுது முடித்ததும் கோவிலுக்குப் போன் போட்டார். வெள்ளிக்கிழமை அன்னதானம் நம்முடைய உபயம் என்று சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்துக் கோவிலில் ஒரு வழக்கம் உண்டு. பூசை முடிந்ததும், இன்றைய அன்னதானம் இன்னார், இந்தக் காரணத்துக்காக என்று மைக்கில் சொல்வார்கள். பிறந்தநாள், வீடு வாங்கியது, பரீட்சையில் தேறியது, இப்படி. அன்றைக்கு என் பெயர், என் நட்சத்திரம், பிறகு, "ரத்த நோய் குணமாக வேண்டி" என்று சொன்னார்கள். இரண்டு தடவை சொன்னார்கள். ஒலிபெருக்கி சந்தைக் கடை வரைக்கும் கேட்கும்.

மாப்பிள்ளையின் பெரியம்மா அன்று அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மறுவாரம் அந்த இடம் கைவிட்டுப் போனது. ஜாதகம் சரியில்லை என்றார்கள். முன்னே சரியாக இருந்த ஜாதகம்தான்.

அண்ணன் அண்ணியைத் திட்டவில்லை. சுவரில் பாதி பூட்டிய சுவிட்சைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அண்ணி மட்டும், "நான் நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நல்லதுக்குத்தான் செய்தார்.

ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பில் ஊசி போட்டு எடுக்க வேண்டும் என்று நாள் குறித்தார்கள். அதற்கு முன்பு என் ரத்தத்தைத் தடவிய கண்ணாடித் தகட்டை ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கிருந்து ஒரு அம்மா என்னைப் பார்க்க நேரில் வந்தார். தமிழர். வயதானவர். தலைமுடி ஆண்பிள்ளை மாதிரி வெட்டியிருந்தார். நோய் பார்க்கிற டாக்டர் இல்லை, ரத்த அணுக்களை ஆராய்ச்சி செய்கிற டாக்டர்.

"அண்ணே, உங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்றார். நின்றுகொண்டே சொன்னார்.

"இடுப்புல ஊசி?"

"தேவையே இல்ல. நான் பேசிட்டேன். நீங்க பொறந்ததுல இருந்து இப்படித்தான். உங்க பழைய கிளினிக்ல யாரும் மைக்ராஸ்கோப்ல பாக்கல, அவ்வளவுதான்."

போனில் ஒரு படம் காட்டினார். எல்லாருக்கும் இந்த வெள்ளை அணுவின் நடுக்கரு மூன்று நான்கு துண்டாக, மணி கோத்த மாதிரி இருக்குமாம். எனக்கு இரண்டே உருண்டை. நடுவில் மெல்லிய கம்பி. மூக்குக் கண்ணாடி மாதிரி இருந்தது. முற்றாத அணுவும் கிட்டத்தட்ட அப்படித் தெரியுமாம். அதனால்தான் பயந்துவிட்டார்கள். பரம்பரையாக வருவது. அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வந்திருக்கும். ஒரு கெடுதலும் செய்யாது.

லோரிச் சாவி திரும்பக் கிடைத்தது. அண்ணியிடம் சொன்னேன். இன்னொரு அன்னதானம் போட்டு மைக்கில் சொல்லச் சொல்லலாமா என்று யோசித்தார். அண்ணன், "இல்லாத நோய் போயிருச்சுன்னு சோறு போடுவியா?" என்றார். அதோடு விட்டது.

அந்த டாக்டர் என்னிடம் ஒன்று கேட்டார். அவ்வப்போது வந்து ஒரு குழாய் ரத்தம் கொடுக்க முடியுமா என்று. லீவு நாளில் போவேன். கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினால் ஜாம் பற்றிக் கவலை இல்லை. அவர் அறை சின்னது. ஏர்கான் குளிரில் பல் கிட்டும். ஒரு அலமாரி நிறைய அவர் எழுதிய கட்டுரைகள். வெள்ளை அணு, சிவப்பணு, உடம்பு கிருமியோடு சண்டை போடுகிற விதம், எல்லாம் அதில் இருக்கிறது என்றார். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைக்கும்தான். எனக்கு அதில் ஒரு வரி புரியாது.

அவர் விளக்கமாகச் சொல்வார். உடம்பில் எங்காவது காயம் பட்டால் வெள்ளை அணு ரத்தக் குழாயை விட்டு வெளியே போக வேண்டும். போகிற சந்து அணுவைவிடச் சின்னது. கருவை நசுக்கிக்கொண்டு நுழைய வேண்டும். மணி கோத்தது போல் இருந்தால் ஒவ்வொன்றாக வளைந்து போய்விடும். என்னுடையது இரண்டு உருண்டை. எப்படிப் போகிறது என்பதுதான் அவர் கேள்வி. ஒரு கருவியில் முடியைவிடச் சின்னச் சந்துகள் செய்து அதில் என் அணுக்களை விட்டுத் திரையில் காட்டினார்.

குறுகிய சந்தில் டிரெய்லரைத் திருப்புவது மாதிரி இருந்தது. முன்னே போய், நின்று, கொஞ்சம் பின்வாங்கி, மறுபடி போனது.

"போகுது பாத்தீங்களா? கொஞ்சம் யோசிச்சு யோசிச்சுப் போகுது" என்றார். சிரித்தார்.

"என்னை மாதிரி" என்றேன்.

"நீங்க யோசிக்கவே மாட்டேங்கறீங்க அண்ணே. ஊசி குத்தறப்போகூட மூஞ்சி மாறல."

அந்த அணுவை வைத்திருந்து பார்க்க முடியாது. எடுத்த அன்றே பார்க்க வேண்டும், மறுநாள் செத்துவிடும். அதனால் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கொடுத்தேன். எனக்கு அது சிரமம் இல்லை. அவர் வராமல் இருந்திருந்தால் என் இடுப்பெலும்பில் துளை போட்டிருப்பார்கள். சாவியும் திரும்பியிருக்குமோ என்னவோ.

ஒருநாள் அலமாரியைக் காட்டிச் சொன்னார். "இதெல்லாம் துண்டு துண்டா செஞ்சது அண்ணே. அங்க கொஞ்சம், இங்க கொஞ்சம். முதல்ல இருந்து கடைசி வரைக்கும் நானே கண்டுபிடிச்சு நானே முடிச்சதுன்னு ஒண்ணும் இல்ல. இது அப்படி ஆகும்னு நெனைக்கிறேன்."

"ஆகட்டும்."

"ஆனா உங்க ஒருத்தரை மட்டும் வச்சு சொன்னா ஏத்துக்க மாட்டாங்க. இது இவரோட கோளாறா, இல்ல அந்தக் கருவோட வேலையான்னு கேப்பாங்க. உங்க குடும்பத்துல இன்னொரு ஆள் வேணும். உங்க அண்ணனுக்கும் இதே மாதிரி இருந்து, அதுவும் இப்படியே போச்சுன்னா, நான் தைரியமா எழுதுவேன். ஒரு குழாய் போதும்."

அவருக்கு அந்த ஆண்டோடு ஓய்வு. டிசம்பர் முடிய அறையையும் கருவியையும் ஒப்படைக்க வேண்டும். அதையும் சொன்னார். அழுத்திச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குப் புரிந்தது.

அண்ணனிடம் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்டா" என்றார்.

"ஒரு குழாய்தான்."

"ஒரு குழாயோ ஒரு சொட்டோ. தம்பிக்கு ரத்தத்துல ஏதோன்னு ஊரே கேட்டுச்சு. இப்ப அண்ணனும் போய் கையை நீட்டுனான்னு தெரிஞ்சா? என் மகளை எவன் கட்டுவான்?"

"ஒண்ணும் இல்லைன்னு அந்த டாக்டரே எழுதிக் கொடுப்பாங்க."

அண்ணி அடுப்படியில் இருந்து சொன்னார். "அந்தக் கடுதாசியை அவ கழுத்துல மாலையாப் போட்டு மணவறையில உக்கார வைக்கலாமா?"

 ஒரு இடம் போனதை நானும் பார்த்தேன். அந்தப் பிள்ளை மேலே வந்து எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு, "சித்தப்பா, நீங்க ஒண்ணும் நெனைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனது. அதுக்கப்புறம் எப்படி வற்புறுத்துவது.

ஆனாலும் சில மாதம் கழித்து மறுபடி கேட்டேன். அண்ணன், "சரி, அந்தம்மா வீட்டுக்கு வரட்டும். யாருக்கும் தெரியாம எடுத்துட்டுப் போகட்டும். அப்பவும் யோசிச்சுத்தான் சொல்வேன்" என்றார். அவர் அவ்வளவு இறங்கி வந்ததே பெரிது. ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன்.

அன்று காலையில் ஒரு போன். புதிதாக ஒரு இடம் பேசிக்கொண்டிருந்தார்கள், பூச்சோங் பக்கம். அவர்கள் அன்றைக்கே பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளையின் அத்தை டெங்கிலில் இருந்து வந்திருக்கிறாராம், அவருக்கு வேறு நாள் தோதுப்படாதாம். நான் டாக்டருக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. கார் ஓட்டிக்கொண்டிருந்திருப்பார்.

அவர் கார் வந்து நின்றபோது வாசல் நிறைய செருப்பு. ஓடிப்போய்ச் சொன்னேன். கையில் நீலப் பை வைத்திருந்தார். அதைத் திரும்ப சீட்டில் வைத்தார்.

"நான் போயிடறேன் அண்ணே."

அதற்குள் அண்ணி வெளியே வந்துவிட்டார். வாசலுக்கு வந்தவரை அப்படியே அனுப்ப அவரால் முடியாது. உள்ளே இருந்து வேறு எட்டிப் பார்த்துவிட்டார்கள். "வாங்க, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். கேசரித் தட்டும் கொடுத்தாகிவிட்டது.

மாப்பிள்ளையின் அத்தை கேட்டார். "இவங்க யாரு?"

அண்ணி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "கொழுந்தனாரோட கம்பெனியில கிளார்க்."

நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் கேசரியை முழுங்கிவிட்டு, "ஆமாங்க. லீவு, சம்பளம் எல்லாம் நான்தான் பாக்குறேன்" என்றார்.

"அப்படியா? என் கடைசிப் பையன் சும்மாதான் இருக்கான். ஏதாச்சும் வேலை இருந்தா பாருங்களேன்."

"லோரி ஓட்டுவாரா?"

"மோட்டார் சைக்கிள் ஓட்டுவான்."

"முதல்ல லைசன் எடுக்கச் சொல்லுங்க, பாப்போம்."

எல்லாரும் சிரித்தார்கள். அத்தை சிரித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இவருக்குத்தானே உடம்புக்கு முடியலன்னு சொன்னாங்க? ரத்தத்துல ஏதோன்னு."

 அண்ணன் தரையைப் பார்த்தார். பெண் அறைக்குள்ளே இருந்தது, அதுக்கும் கேட்டிருக்கும்.

டாக்டர்தான் பேசினார். "இவருக்கா? யாருங்க சொன்னது? வருசா வருசம் மெடிக்கல் ரிப்போர்ட் என் மேசைக்குத்தான் வரும். எல்லாம் கிளியர். இல்லன்னா அவ்வளவு பெரிய லோரியை கையில கொடுப்போமா?"

"அதானே" என்றார் அத்தை. மாப்பிள்ளையின் அப்பாவும் தலையாட்டினார்.

டாக்டர் என்று சொல்லியிருந்தால் டாக்டர் எதற்கு இந்த வீட்டுக்கு வருகிறார் என்று கேட்டிருப்பார்கள். கிளார்க் சொன்னதும் நம்பிவிட்டார்கள். அன்றைக்கே வெற்றிலை மாற்றிக்கொள்ளலாம் என்ற அளவுக்குப் பேச்சு போனது. டாக்டர் டீ குடித்துவிட்டு எழுந்தார். நீலப் பை காரிலேயே இருந்தது.

வழியனுப்பப் போனேன்.

"மேடம், அண்ணனை நான் வெளியில கூட்டிட்டு வரவா? அங்க எங்கயாச்சும் வச்சு எடுத்துக்கலாம்."

"வேண்டாம் அண்ணே. இப்ப போய் அவரைக் கூப்பிட்டா நான் சொன்னது பொய்யாயிடும்." காரை எடுத்தார். ஜன்னலை இறக்கி, "பொண்ணு நல்லாருக்கா" என்றார். அவர் பெண்ணைப் பார்க்கவே இல்லை. அது வெளியே வருவதற்கு முன்பே எழுந்துவிட்டார்.

கல்யாணத்துக்கு நாள் பார்த்தார்கள். மார்கழியில் வைக்க முடியாது. அதற்கு முன்பு மண்டபம் கிடைக்கவில்லை. தையில் குறித்தார்கள். அண்ணன் என்னிடம் சொன்னார். "அந்தம்மா அன்னிக்குப் பண்ணதை நான் மறக்க மாட்டேன். கழுத்துல தாலி ஏறட்டும். ஏறினதும் ரெண்டு கையையும் நீட்டுறேன். சொல்லு அவங்ககிட்ட."

போய்ச் சொன்னேன். டாக்டர் சுவர்க் காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். அவர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்த கத்தோலிக்கர். "எங்களுக்கு டிசம்பர்னா கொண்டாட்டம். உங்களுக்கு டிசம்பர்ல ஒண்ணுமே கிடையாது" என்றார். பிறகு, "தை வந்தா எனக்கு ரூம் இல்ல அண்ணே" என்றார்.

"நீட்டிக் கேட்க முடியாதா?"

"கேட்டாச்சு."

என் ஒருவனை மட்டும் வைத்துத்தான் எழுதினார். பெரிய இதழ் ஒன்றுக்கு அனுப்பினார், திருப்பிவிட்டார்கள். அவர் சொன்ன மாதிரியே, இன்னொரு ஆள் எங்கே என்று கேட்டார்களாம். கடைசியில் ஒரு சின்ன இதழில் வந்தது. ரெண்டு பக்கம். எனக்கு ஒரு பிரதி கொடுத்தார். என் அணு படமாக வந்திருந்தது, ஊதா நிறத்தில். பெயர் போடவில்லை, போடக்கூடாதாம். "இப்படி ஒண்ணு இருக்குன்னு மட்டும் சொல்லியிருக்கேன். எதனாலன்னு சொல்ல முடியல" என்றார். அறையில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. லிப்ட் வரைக்கும் தூக்கிக்கொண்டுபோய் வைத்துக் கொடுத்தேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. டாக்டரும் வந்தார். மாப்பிள்ளையின் அத்தை அவரைக் கண்டுபிடித்துப் பையனின் லைசனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

மறுவீடு எல்லாம் முடிந்து ஒருநாள் காலையில் அண்ணன் மாடிக்கு வந்தார். சவரம் செய்து, முழுக்கைச் சட்டை போட்டிருந்தார்.

"கெளம்பு."

"எங்கண்ணே?"

"ரத்தம் கொடுக்க."

"அந்த ரூம் போயிருச்சுண்ணே. சொன்னேனே."

"ரூம்தானே போச்சு. அவங்க இருக்காங்கள்ல? நான் சொன்னா சொன்னதுதான்."

பிரிக்பீல்ட்ஸில் அவர் அடுக்குமாடி. கார் நிறுத்த இடம் தேடிச் சுற்றினோம். டாக்டர் வீட்டு உடுப்பில் கதவைத் திறந்தார். அண்ணன் உட்காரவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டினார்.

"எடுத்துக்குங்க மேடம். எவ்வளவு வேணுமோ எடுத்துக்குங்க."

"எடுத்து எங்க அண்ணே கொண்டு போறது?" என்றார். அந்த அறையில் இப்போது வேறு யாரோ கொசுவை வைத்து ஆராய்ச்சி செய்கிறார்கள் என்றார். ஆனால் அண்ணன் கையை இறக்கவில்லை. அதைப் பார்த்து டாக்டர் உள்ளே போனார். பழைய மைக்ராஸ்கோப் ஒன்று கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். சம்பாதிக்க ஆரம்பித்தபோது வாங்கியதாம். "இது ஆராய்ச்சி இல்ல. சும்மா பாக்குறேன், சரியா?" என்றார்.

விரலில் ஒரு குத்து. ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்து இன்னொரு கண்ணாடியால் இழுத்தார். காய வைத்து, ஊதா மருந்தை ஊற்றி, கொஞ்ச நேரம் வைத்துக் கழுவினார். எனக்கு அவர் கையைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடித்தது.

குனிந்து பார்த்தார். தகட்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

"இருக்கு" என்றார். "அதே மாதிரி. ரெண்டு உருண்டை."

அண்ணன் என்னைப் பார்த்தார். "அப்ப எழுதிக்குங்க மேடம். என் பேரைக்கூடப் போடுங்க. எனக்கு இப்ப ஒரு பயமும் இல்ல."

"சாப்பாட்டு மேசையில பாத்ததை யாரும் ஒத்துக்க மாட்டாங்க அண்ணே. அதோட இது செத்த அணு. உயிரோட அது சந்துல எப்படிப் போகுதுன்னு பாத்திருக்கணும். அது இனிமே முடியாது."

அண்ணன் மடித்த கையை இறக்கிவிட்டுக்கொண்டார். பட்டன் போட வரவில்லை. நான் போட்டுவிட்டேன்.

"என் மகளுக்கும் இருக்குமா?"

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒண்ணும் செய்யாது. ஆனா சொல்லி வைங்க. நாளைக்கு அவளையும் எவனாவது பயமுறுத்துவான்."

"சொல்றேன்" என்றார் அண்ணன்.

டாக்டர் மறுபடி குனிந்தார். பார்க்க வேண்டியது எல்லாம் பார்த்தாகிவிட்டது. இனி அதில் புதிதாக ஒன்றும் இல்லை. இருந்தும் பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க ஒண்ணு, ரொம்ப அழகா இருக்கு" என்று எங்களிடம் இல்லாமல் பொதுவாகச் சொன்னார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். டிசம்பரில் அந்த அறையில் இருந்திருக்க வேண்டிய சந்தோஷம். அண்ணன் அவரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் முழங்கையைத் தொட்டேன். அவர் தலை நிமிர்கிற வரைக்கும் ரெண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம்.